உப்புக்காற்றில் பிளாஸ்டிக் பரண்: வெள்ளாட்டுக் கொட்டிலுக்கான தரைப்பலகை பற்றி ஒரு மதிப்புரை

வெள்ளாட்டுக் கொட்டிலைத் தரையிலிருந்து உயர்த்திப் பரணாகக் கட்டி, அதன்மேல் இடைவெளியுள்ள பிளாஸ்டிக் பலகைகளைப் பரப்பி, புழுக்கையும் மூத்திரமும் தாமாகவே கீழே விழுமாறு அமைக்கும் முறை தமிழ்நாட்டில் வேகமாகப் பரவி வருகிறது. அந்தப் பலகைகளையும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் ஒரே தொகுப்பாக விற்பவர்கள் இப்போது சாயல்குடி, கடலாடி, ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் என்று நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அத்தகைய தொகுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தி, வடகிழக்கிலிருந்து வாடையும் தென்மேற்கிலிருந்து கச்சானும் மாறிமாறி அடித்த பருவங்களில் அதன்மேல் கொடி இன வெள்ளாடுகளை அடைத்து வளர்த்த பட்டறிவைக் கொண்டு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். பலகை நம் கடற்கரைக்கு மிகவும் ஏற்றது. அதனுடன் சேர்த்து விற்கப்படும் இரும்புச் சட்டம் ஏற்றதன்று. பலகையை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, அதைப் பனைமரத்தைப் பிளந்து செய்த பனங்கையின் மேலோ கான்கிரீட் தூண்களின் மேலோ பரப்பிக்கொள்வதுதான் இங்குள்ளவர்களுக்குக் கட்டுபடியாகும்.

மழை குறைந்த மாவட்டத்தில் பரண் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு மழை குறைவுதான்; ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. களியும் உவரும் கலந்த நிலங்களில் அந்த நீர் எளிதில் கீழே இறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் புழுதி பறக்கும் ஆட்டுக் கொட்டில், ஐப்பசி கார்த்திகையில் மூத்திரமும் மழைநீரும் புழுக்கையும் குழைந்த சேறாக மாறி, மார்கழி வரையில் காயாமல் கிடக்கும். அந்தச் சேற்றில் இரவு முழுவதும் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பிடுக்கில் புண் வருகிறது. படுக்கும் ஆட்டுக்கு மடிநோய் வருகிறது. குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் வருகிறது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரியின் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வரும்போதே நோயைப் பரப்பும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் இளஞ்சூடும் உள்ள தரையில் சில நாள்கள் கிடந்து முதிர்ந்த பிறகே அவை ஆபத்தானவையாகின்றன. தரையை நக்கும் குட்டியும், அழுக்கேறிய காம்பைச் சப்பும் குட்டியும் அவற்றை விழுங்கிவிடுகின்றன. புழுக்கை விழுந்த உடனே ஆட்டின் காலடியிலிருந்து அகன்றுவிட்டால் இந்தச் சுழற்சி அறுபடும். பரணின் பயன் முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. விற்பனையாளர்கள் அடுக்கும் மற்ற நன்மைகளெல்லாம் இதற்கு அடுத்தவையே.

பலகையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு வந்தவை இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ளவை. ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் விளிம்பு அவற்றுக்கு உண்டு. மேற்பரப்பில் சன்னமான வரிகள் எழும்பியிருப்பதால் ஈரமான நேரத்திலும் குளம்பு வழுக்குவதில்லை. பலகையில் இடைவெளிகளுக்கு நடுவிலுள்ள பட்டைகள் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்குமாறு வார்க்கப்பட்டிருக்கின்றன; இது சிறிய செய்தியாகத் தோன்றினாலும், மேலே நுழையும் புழுக்கை நடுவில் சிக்காமல் நேராகக் கீழே விழுவதற்கு இந்த வடிவமே காரணம். மேலும் கீழும் ஒரே அகலத்தில் வார்க்கப்பட்ட பலகைகளைப் பக்கத்து ஊரில் ஒருவர் போட்டிருக்கிறார். அவற்றின் இடைவெளியில் புழுக்கை இறுகிக் காய்ந்து, குச்சியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. என் பலகைகளிலும் அடைப்பு வருவதுண்டு. ஆனால் அது புழுக்கையால் வருவதன்று. கோடையில் ஆடுகளுக்குப் போடும் உடைமர நெற்றுகள் சுருண்டு வளைந்தவை. அவற்றின் துண்டுகளும் முள்ளோடு ஒடித்துவரும் தழையின் காம்புகளும் இடைவெளியில் குறுக்கே செருகிக்கொள்கின்றன. தழையைப் பரணின் மேல் பரப்பாமல், சுவரோரம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்குகிறது. வெள்ளாடு தலையை உயர்த்தித் தின்பதையே விரும்பும் பிராணி என்பதால் தீவனச் சேதமும் குறைகிறது.

மழைக்காலத்தில் பலகை தன் வேலையை நன்றாகவே செய்தது. மண்தரைக் கொட்டிலில் மழை பிடித்தவுடன் குட்டிகள் பின்பக்கம் நனைந்து, வால் ஒட்டி, துவண்டு நிற்கும் காட்சி நம் பகுதியில் ஆடு வளர்க்கும் எவருக்கும் புதியதன்று. பரணில் அடைத்த குட்டிகளிடம் அது மிகவும் குறைந்தது. தாய் ஆடுகளின் மடி உலர்ந்தும் தூய்மையாகவும் இருந்தது. குளம்புப் புண் அறவே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பகலில் சேற்றில் மேய்ந்துவிட்டு வரும் ஆட்டுக்கு இரவுப் பரண் பாதிப் பாதுகாப்புதான். ஆனால் குளம்பு இரவு முழுவதும் காய்ந்துவிடுவதால், வந்த புண் பெரிதாவதில்லை.

பரணைப் போட்டுவிட்டால் மருந்துச் செலவே இராது என்று விற்பவர்கள் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும். மேயச் செல்லும் ஆடு புல்லின் நுனியோடு சேர்த்து வயிற்றுப்புழுவின் இளம்புழுக்களையும் தின்றுவிட்டுத்தான் வரும். இரத்தம் உறிஞ்சும் அந்தப் புழுக்களுக்குப் பரண் ஒரு பொருட்டன்று. கீழிமையைத் திருப்பிப் பார்த்து, உள்பக்கம் சிவப்பு மாறி வெளுத்திருந்தால் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டியதுதான். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியையும், மழைக்கு முன்பே துள்ளுமாரிக்கான தடுப்பூசியையும் எந்தத் தரையும் தவிர்க்கச் செய்யாது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் தேவையும் பரணால் இல்லாமல் போய்விடாது.

இனி, குட்டிகளின் காலைப் பற்றிய செய்தி. பெரிய ஆட்டின் குளம்புக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் இடைவெளி பொருத்தமாக இருக்கிறது. பிறந்த குட்டியின் குளம்போ அதற்குள் நுழைந்துவிடும் அளவே உள்ளது. எழுந்து நிற்கத் தடுமாறும் முதல் சில நாள்களில் குட்டியின் கால் இடைவெளியில் இறங்கி, அது பதறி இழுக்கும்போது கணு பிசகிவிடுகிறது. விற்பனைக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஈன்ற ஆட்டையும் குட்டியையும் முதல் இரண்டு வாரங்களுக்குத் தனி அறையில், பலகையின் மேல் கெட்டியான சாக்கையோ பனையோலைப் பாயையோ விரித்து வைத்திருப்பது கட்டாயம் என்றே சொல்வேன். சாக்கை நாள்தோறும் மாற்றி வெயிலில் உலர்த்தாவிட்டால், பரண் போட்ட பயனே அந்தச் சாக்கில் கெட்டுவிடும். குட்டிகளுக்கென்று இடைவெளி குறைந்த பலகைகளையும் சிலர் வார்க்கிறார்கள். கிடைத்தால் அவற்றை ஓர் அறைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

கால் பிசகுவதை நம் கடற்கரையில் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் வளரும் கிடாக்களுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டியது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் குர்பானிக்குக் கிடா தேடுவோர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். கண் பழுது, நொண்டல் போன்ற குறைகள் இருக்கக் கூடாது. உயரமும் நீண்ட காலும், வெள்ளை உடலில் கருப்போ சிவப்போ திட்டுத்திட்டாகத் தெறித்த அழகும் கொண்ட கொடி ஆட்டுக் கிடா அந்தச் சந்தைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். அப்படி வளர்ந்த ஒரு கிடாவை நடக்கவிட்டுப் பார்த்த கீழக்கரை வியாபாரி ஒருவர், பின்னங்காலை மட்டும் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “காலைத் தாங்கித் தாங்கி வைக்குதே தம்பி, இது குர்பானிக்கு ஆகாது, கறிக்கடைக்குத்தான் கேட்க முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். குட்டியாக இருந்தபோது பலகை இடைவெளியில் மாட்டிய அதே கால்தான் அது. பெருநாள் விலைக்கும் கறிக்கடை விலைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதை ஆடு வளர்ப்போருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் தரையில் குளம்பு தேயாது என்பது இன்னொரு செய்தி. கல்லும் கரடுமான மேய்ச்சல் நிலத்தில் ஆட்டின் குளம்பு நடையிலேயே தேய்ந்து ஒழுங்காகிவிடும். நம் கடலோரத்திலோ பகலில் மணல், இரவில் பிளாஸ்டிக். இரண்டுமே குளம்பைத் தேய்ப்பதில்லை. குளம்பின் ஓரம் வளர்ந்து உள்பக்கமாக மடங்கி, அந்த மடிப்பில் அழுக்குச் சேர்ந்து புண்ணாகிறது. பரணுக்கு ஏறும் சாய்தளத்தின் அடியிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் சொரசொரப்பான கல்லைப் பதித்து, ஆடுகள் நாள்தோறும் அதன்மேல் நடந்தே ஆக வேண்டும் என்று வழியை அமைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். மீதியைக் கத்தரியால் வெட்டிச் சீராக்க வேண்டும்.

இரும்புச் சட்டத்துக்கு வருவோம். இந்தத் தொகுப்பின் விலையில் பெரும்பங்கு பலகைக்கு அன்று, சட்டத்துக்கே போகிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய்களை அளவாக வெட்டி, பற்றவைத்து, பற்றவைத்த இடங்களில் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்திலுள்ள துத்தநாகம் எரிந்துபோய்விடும். பிறகு அங்கே இருப்பது வெறும் இரும்பும் அதன்மேல் பூசிய பெயின்ட்டும் மட்டுமே. உள்நாட்டு ஊர்களில் அந்தப் பெயின்ட் சில ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கலாம். இங்கே காற்றில் வரும் உப்பு மேலிருந்தும் ஆட்டு மூத்திரம் பலகை வழியாகவும் அதே மூட்டுகளில் படிகின்றன. முதல் வாடைக் காற்று முடிவதற்குள் மூட்டுகளைச் சுற்றிப் பழுப்புக் கோடு தெரிந்தது. கச்சான் காற்று அடித்து ஓய்ந்தபோது அந்தக் கோட்டின் மேல் விரலால் அழுத்தினால் பெயின்ட் செதில்செதிலாக உரிந்து, உள்ளே துரு பொரிந்து கிடந்தது. குழாயின் வெளிப்பக்கம் பளபளப்பாகவே இருந்தது என்பதுதான் கவலைக்குரியது. தூரத்திலிருந்து பார்ப்பவர் சட்டம் நன்றாக இருப்பதாகவே நினைப்பார். திறந்து கிடக்கும் குழாய் முனைகளின் வழியே ஈரம் உள்ளே போய், உள்பக்கத்திலிருந்தும் துரு ஏறியிருந்தது. வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் கதவுக் கீல்கூட எத்தனை நாள் நிற்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. வியப்பெல்லாம் இதை விற்றவர்கள் இப்பகுதிக்கென்று எதையும் மாற்றவில்லை என்பதில்தான்.

நிறுவனத்திடம் முறையிட்டபோது, பத்தாண்டு உத்தரவாதம் பலகைக்கு மட்டுமே பொருந்தும் என்றும், கடலோரத்தில் பொருத்தப்படும் சட்டத்துக்கு எந்தப் பொறுப்பும் ஏற்க இயலாது என்றும் பதில் வந்தது. பொருத்துவதற்கு வந்த அதே நிறுவனத்தின் ஆட்கள் கடலை நேரில் பார்த்துவிட்டே தூண்களை நட்டார்கள். அப்போது யாரும் இந்த நிபந்தனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாங்குகிறவர் சிறு விவசாயி. ஆட்டை விற்ற பணத்திலும் நகையை அடகு வைத்த பணத்திலும் கொட்டில் கட்டுகிறவர். அவருக்கு இந்தத் தகவலை விலைப்பட்டியலிலேயே தெளிவாக அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பலகையின் தரத்தில் இவ்வளவு அக்கறை காட்டிய நிறுவனம், சட்டத்தைப் பற்றிய உண்மையை மறைத்து விற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. இரும்புச் சட்டம்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள், வெட்டிப் பற்றவைத்துத் துளையிட்டு முடித்த பிறகு முழுச் சட்டத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்துத் தருவார்களா என்று கேட்க வேண்டும். அப்படி முக்கி எடுத்த சட்டத்தில் மூட்டுகளும் குழாயின் உள்பக்கமும் பூச்சுப் பெறும். செலவு கூடும், ஆனால் கடற்கரையில் இரும்பு நிற்க வேண்டுமானால் அதைவிடக் குறைந்த ஏற்பாடு போதாது.

அதைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது. வைரம் பாய்ந்த பனங்கை உப்புக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுப்பது இக்கரையில் வாழ்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது. பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கைகள், எத்தனையோ மழைக்காலங்களைக் கண்ட பிறகும் உளி இறங்க மறுக்கும் உறுதியோடு இருக்கின்றன. அவற்றை வாங்கி, துருப்பிடித்த குறுக்குச் சட்டங்களை அகற்றிவிட்டுப் பொருத்தியபோது பலகைகள் முன்பைவிட அசைவின்றி அமர்ந்தன. பலகையின் இரு முனைகளும் கட்டாயம் ஒரு பனங்கையின் மேல் உட்கார வேண்டும். நடுவிலும் ஒன்று ஓடினால் பெரிய கிடா துள்ளிக் குதித்தாலும் பலகை வளையாது. பனங்கையின் வெளிப்புறம் வைரம்; உள்பக்கம் சோறு. ஆகவே மூத்திரம் படும் மேற்பக்கமாக வைரப் பகுதி இருக்குமாறு வைக்கத் தெரிந்த ஆசாரியைக் கொண்டு இழைப்பது நல்லது. பச்சைப் பனையை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனைமரத்தை வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவையானதுமாகும். பழைய பனங்கை கிடைக்காத இடத்தில் வார்ப்புக் கான்கிரீட் தூண்களையும் உத்திரங்களையும் பயன்படுத்தலாம். ஆனால் கம்பியின் மேல் போதிய கனத்துக்குக் காரை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அதற்குள்ளும் புகுந்து கம்பியை வீங்கச் செய்து தூணையே பிளந்துவிடும்.

பரணின் உயரத்தைப் பொறுத்தவரை மூன்றடி போதும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மூன்றடிப் பரணுக்கு அடியில் புகுந்து புழுக்கையை வாருபவரின் முதுகு அதை ஒப்புக்கொள்ளாது. பெரும்பாலும் அந்த வேலை பெண்களின் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, நாலரை அடியாவது வைக்க வேண்டும். அதற்குமேல் உயர்த்தினால் காற்று சிக்கலாகிறது. வாடை வீசும் மாதங்களில் குளிர்காற்று அடிப்பக்கமாகப் புகுந்து, பலகை இடைவெளிகளின் வழியே படுத்திருக்கும் குட்டிகளின் வயிற்றில் நேராகப் படுகிறது. சளி பிடித்துக் குட்டிகள் இருமத் தொடங்குவது இதனால்தான். வடகிழக்குப் பக்கம் மட்டும் பரணின் அடிப்பகுதியைப் பனையோலைத் தட்டியால் மறைத்துவிட்டால் போதும். நான்கு பக்கமும் மறைத்தால் மூத்திரத்தின் நெடி வெளியேற வழியின்றி மேலே ஏறி, ஆட்டின் கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். கூரைக்குத் தகரத்தைவிடப் பனையோலை எவ்வளவோ மேல். சூடும் இறங்காது, துருவும் பிடிக்காது.

பரணின் அடியில் சேரும் புழுக்கையைப் பற்றி எந்த விற்பனைத் தாளும் போதிய அளவு பேசவில்லை. நம் மாவட்டத்தில் ஆட்டு எருவின் மதிப்பு புதிதாகச் சொல்ல வேண்டியதன்று; ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் வயலில் கிடை அமர்த்துவதும், அதற்காக நிலத்துக்காரர்கள் காத்திருப்பதும் இன்றும் நடக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் பயிராகும் நிலங்களுக்கும், உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் புழுக்கை மூட்டைமூட்டையாகப் போகிறது. மண்தரைக் கொட்டிலில் கூட்டியெடுக்கும் எருவில் பாதி மண். பரணின் அடியில் அள்ளுவதோ கலப்பில்லாத புழுக்கை. வாங்குபவர்கள் அந்த வேறுபாட்டைக் கையில் எடுத்த உடனே அறிந்துகொள்கிறார்கள். ஒன்றை மட்டும் இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கோடையில் நம் ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்றே வயிற்றை நிரப்புகின்றன; அதன் விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, முன்பைவிட எளிதாக முளைக்கின்றன. அந்தப் புழுக்கையை அப்படியே மிளகாய் வயலில் இறைத்தால், அடுத்த மழைக்கு வயல் முழுவதும் சீமைக்கருவேலங் கன்றுகள் தலைகாட்டும். பரணின் அடியிலிருந்து எடுத்ததைக் குவித்து, நீர் தெளித்து, புரட்டிப்போட்டு மட்கவைத்த பிறகே கொடுக்க வேண்டும். குவியலின் உள்சூட்டில் விதைகளில் பெரும்பாலானவை முளைக்கும் திறனை இழந்துவிடும்.

இறைச்சி, பால், உரோமம் ஆகிய மூன்றுக்கும் இந்தத் தரை உகந்தது என்று கையேடு சொல்கிறது. இறைச்சிக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. பாலைப் பொறுத்தவரை, கொடி ஆடு தன் குட்டிகளுக்குப் போகக் கறக்கும் பால் சொற்பமே. தலைச்சேரி ஆடு வைத்திருப்பவர்களுக்கு, மடி தூய்மையாக இருப்பதால் கறவையில் பயன் தெரியும். உரோமத்தைப் பற்றிய பேச்சு நமக்குப் பொருந்தாது. பஷ்மினா தரும் சாங்தாங்கி ஆடு லடாக்கின் கடுங்குளிரில் வாழ்வது. அந்தக் குளிரே அதன் மேல்மயிருக்கு அடியில் மென்மயிரை வளர்க்கிறது. மோஹேர் தரும் அங்கோரா ஆடும் நம்மிடம் இல்லை. குட்டை மயிருள்ள நம் வெள்ளாடுகளும், கறிக்காக வளர்க்கப்படும் இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் அந்தக் கணக்கில் வாரா. உரோமத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை பலகை வேண்டும் என்ற கணக்கு, ஆட்டை எப்படி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாள் முழுவதும் பரணிலேயே அடைத்துத் தீவனம் போடுவதாக இருந்தால், வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் 10 முதல் 12 சதுர அடி, கிடாவுக்கு அதைவிடக் கூடுதல் என்று கொள்ள வேண்டும். இருபது பெட்டை ஆடுகளுக்கு 240 சதுர அடி, அதாவது இரண்டடிக்கு ஓரடிப் பலகை 120 வேண்டும். ஆனால் முழுநேரக் கொட்டில் வளர்ப்பை நம் கடற்கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு ஆண்டு முழுவதும் பசுந்தீவனம் வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு நல்ல நீர் வேண்டும். நம் கிணறுகளில் பெரும்பாலானவை உவர்நீர்க் கிணறுகள். பகலில் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மேய்த்து, இரவில் மட்டும் பரணில் அடைத்து, கைப்பிடி அடர்தீவனமும் கொஞ்சம் அகத்தியோ வேலிமசாலோ கொடுக்கும் முறைதான் நம் நிலத்துக்கும் கொடி ஆட்டின் இயல்புக்கும் ஒத்துவரும். இரவில் மட்டும் அடைப்பதற்கு மேற்சொன்ன பரப்பில் முக்கால் பங்கே போதுமானதாக இருக்கிறது. விற்பனையாளர் முழுநேரக் கொட்டில் கணக்கில் பலகைகளை எழுதித் தந்தால், மேய்ச்சலைச் சொல்லிக் குறைத்து எழுதச் சொல்லுங்கள்.

வாங்கும்போது பலகையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த பலகைகளும் சந்தையில் இருக்கின்றன; அவற்றின் மேற்பரப்பு மங்கலாகவும் நிறம் ஒருபடித்தாக இல்லாமலும் இருக்கும். முனையை இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, நடுவில் ஓர் ஆள் ஏறி நின்றால் நல்ல பலகை சற்று வளைந்து மீண்டும் நிமிரும்; மட்டமானது கிறீச்சிடும் அல்லது ஓரத்தில் வெடிப்புக் காட்டும். வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலந்ததா என்பதை எழுத்தில் கேளுங்கள். பிற்பகல் வெயில் சாய்வாக நுழையும் மேற்கு ஓரத்து வரிசையில்தான் என் பலகைகள் முதலில் நிறம் மங்கின; அந்த ஓரத்துக்கு ஓலைத்தட்டி கட்டிய பிறகு மற்ற வரிசைகளில் எந்த மாற்றமும் இல்லை. சில பலகைகளைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. அச்சை மாற்றிவிட்டால், பின்னர் வாங்கும் பலகையின் கொக்கி பழைய பலகையோடு மாட்டாது.

பெரிய அளவில் தொடங்க நினைப்பவர்களுக்கு, 2021-22 முதல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டைகளும் 5 கிடாக்களும் கொண்ட பண்ணைக்கு, திட்ட மதிப்பில் பாதி, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும்போது கொட்டிலுக்கான விலைப்பட்டியலில் பலகையையும் சட்டத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரே தொகையாக எழுதி வாங்கினால் பிறகு சட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வழியிராது.

நாலைந்து ஆடுகளை வீட்டோரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பலகை வேண்டியதில்லை. பனஞ்சிராய்களை ஒரே கனத்தில் சீவி, விரலகல இடைவெளிவிட்டு அடித்த சிறிய பரணே அவர்களுக்குப் போதும். ஓரம் கூர்மையாக நீட்டிக்கொண்டிராமல் மழுக்கிவிட வேண்டும், ஆணித்தலை மேலே தெரியக் கூடாது, ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் பழுதான சிராய்களை மாற்ற வேண்டும். பதினைந்து, இருபது ஆடுகளுக்கு மேல் உள்ளவர்களுக்கு அந்தச் சீவலும் மாற்றலும் கட்டுபடியாகாது. அவர்கள் பிளாஸ்டிக் பலகையை வாங்கிப் பனங்கையின் மேல் பரப்பலாம்.